பேஸ்ட் போடாத சேம்பர்

மாதேசுதான் மோதியிருப்பான். மோதியிருக்கத்தான் வேண்டும். பாறைக்குழிக்குள் நாள் முழுக்க இறங்கி ஏறுகிற வண்டி, வழியெல்லாம் கல், எந்தக் கல் எந்த நேரத்தில் அடியில் இடித்தது என்று யார் கண்டது. டம்பர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செங்கோட்டுவேல் காலையிலிருந்து இருபதாவது தடவையாக இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூஞ்சிக்கு ஒரு முழ உயரத்தில் கியர்பாக்ஸின் சேம்பர் தொங்கியது. சேம்பர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற இரும்புத் தட்டு, சுற்றிலும் இருபத்தொரு போல்ட். அதன் நடுவில் ஒரு நசுங்கல், ஓரத்தில் ஒரு கசிவு, கசிந்த எண்ணெயில் கல்தூள் ஒட்டி ஒட்டி அடைமாவு மாதிரி தடித்துக் கிடந்தது. சட்டைப்பையில் வேலைச்சீட்டு நெஞ்சை உறுத்தியது. காகிதம் எங்கே உறுத்தும், ஆனாலும் உறுத்தத்தான் செய்தது. சைட் மேனேஜர் சிவநேசன் காலையில் கொடுத்தது. 'பழுதுக்குக் காரணம்' என்கிற கட்டத்தில் அவரே எழுதிவிட்டார்: டிரைவர் பாறையில் மோதியதால். கீழே மெக்கானிக் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. "கழட்டி மாட்டிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்கண்ணே, வெடி முடிஞ்சு மொதலாளி வர்றாரு, மாதேச வெக்கறதா அனுப்பறதான்னு அப்பவே முடிச்சுரலாம்" என்றார். முடிச்சுரலாமாம்! ஒருத்தன் பிழைப்பை என்னமோ டீ குடித்து முடிக்கிற மாதிரி. அந்தக் கோபம் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, உனக்கெதற்கு இவ்வளவு கோபம் என்று உள்ளே ஒன்று கேட்டது. ஸ்பானருக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுக்கிற துணையாள் லீவு என்பது நீட்டின கை அந்தரத்தில் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மணி பதினொன்றேகால். குழியில் பாறைக்கு வைக்கிற வெடி ஒரு மணிக்கு. அதற்குள் சேம்பரை மூடியாக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. ஷெட் குழிக்கு வெகு தூரம், கல் இங்கே வந்து விழாது, ஆனால் வெடி போட்டால் தகரக்கூரை ஒரு ஆட்டம் ஆடும், ஆடினால் ரெண்டு வருசத் தூசியும் பொலபொலவென்று உதிர்ந்து கால் மணி நேரம் ஷெட்டுக்குள் சுற்றும். திறந்து கிடக்கிற கியர்பாக்ஸுக்குள் அது போனால் மொத்தத்தையும் எடைக்குப் போட வேண்டியதுதான். வெடிக்கு அப்புறம் செய்யலாமே என்றால், உடைந்த கல்லை அள்ள ரெண்டு மணிக்கு வண்டி குழிக்குள் நிற்க வேண்டும். ஆக ஒன்றே முக்கால் மணி நேரம். போதும். இருபத்தாறு வருசக் கைக்கு இது போதும். கேனை அடியில் தள்ளி வைத்து வடிகால் போல்ட்டைத் திருகினார். எண்ணெய் இறங்கியது. குங்குமத் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கியது, தீய்ந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. இந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது. டிரைவர் கியர் மாற்ற வேண்டியதில்லை, எண்ணெயே தன் அழுத்தத்தில் மாற்றிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் போச்சு, மேட்டில் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. நாலு நாளைக்கு முன் அப்படித்தான் லோடோடு ஏறும்போது பின்னால் ரெண்டு அடி நழுவியிருக்கிறது. மாதேசு பிரேக்கைப் பூட்டிவிட்டு, கீழே இருந்தவர்கள் ஒதுங்குகிறவரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லையாம். வேறொருத்தனாக இருந்தால் குதித்து ஓடியிருப்பான். எண்ணெய் குறைந்துதான் நழுவியிருக்கும், கசிவில் குறைந்திருக்கும், கசிவு நசுங்கலால் வந்திருக்கும், நசுங்கல் கல்லால் வந்திருக்கும். கோர்வை நன்றாகத்தான் இருந்தது. கேனின் பக்கத்தில் அளவுக்கோடு இருக்கிறது, பார்த்தார். பதினேழரை லிட்டர். தை மாதக் கடைசியில் அவர் ஊற்றினது பதினெட்டு. அரை லிட்டர்தான் குறைகிறது. அரை லிட்டருக்கு எந்த வண்டியும் மேட்டில் வழுக்காது. கோடு தப்பாக இருக்கும் என்று கேனை நகர்த்திச் சமதரையில் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பதினேழரைதான்.

அரை லிட்டர், அரை லிட்டர் என்று மனசு செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரெண்டு செருப்புக்கால் வந்து டயருக்குப் பக்கத்தில் நின்றது. வலது கட்டைவிரல் வாரில் ஊசிநூல் போட்டுத் தைத்திருந்த செருப்பு. மாதேசு. "அண்ணா, டீங்க." செங்கோட்டுவேல் வெளியே நகர்ந்து வரவில்லை, கையை மட்டும் நீட்டி டம்ளரை வாங்கித் தரையில் வைத்தார். வெளியே போய் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும், அதுதான் சங்கடம். கொளத்தூர்ப் பக்கத்து ஆள், மூன்று வருசமாக இங்கே வண்டி ஓட்டுகிறான், சீட்டில் துண்டு விரிக்காமல் உட்கார மாட்டான், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் சாவியைத் திருப்ப மாட்டான். குவாரி லைன் வீட்டில் குடி. வேலை போனால் வீடும் போச்சு, ஐந்தாவது படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அடுத்த குவாரியில் போய் நின்றால் 'டம்பரக் கெடுத்தவன்தானே நீ' என்பார்கள். "ஏனுங்ணா," என்று செருப்புக்கால் பேசியது, "ஒண்ணு சொல்லோணும்ங்." சொல்லு என்றார். "நாலு நாளா ரோசன பண்ணிப் பண்ணிப் பாத்தனுங்ணா. மாசிமாசம் ஒரு நா குழிக்குள்ள மூணாவது படியில ரிவர்ஸ் எடுக்கறப்ப டொக்குனு ஒரு சத்தம் கேட்டுதுங். எறங்கிப் பாக்குல. அதாத்தான் இருக்கும்ங். நான்தானுங் மோதிப்போட்டேன். உங்களுக்கு எம்பேர்ல தாட்சண்ணியம் வேண்டாம்ங், இருக்கறத இருக்குதுன்னே எழுதிப்போடுங்." செங்கோட்டுவேலுக்கு எங்கேயோ சுருக்கென்றது. டொக்கென்று சத்தம் கேட்காத நாள் குவாரியில் உண்டா. கல்லின் மேல் கல் விழுகிற இடத்தில் வேறென்ன சத்தம் கேட்கும், வீணையா வாசிப்பார்கள். "நீ போய் நெழல்ல உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றார். செருப்புக்கால் திரும்பிப் போனது.

நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன் என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றினார். எதிரும் புதிருமாக ஒவ்வொன்றாக இளக்கி, மூலைக்கு ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்து. பதினோராவது போல்ட்டில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது, பார்க்காதவர் மாதிரி தகரடப்பாவில் போட்டார். டப்பாவில் போட்டால் ஆயிற்றா, கண் அங்கேயே போயிற்று. நீலம் என்ன நீலம், சிலிகான் பேஸ்ட், பற்பசை மாதிரி டியூபில் வருமே, தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் அட்டைக்கு ரெண்டு பக்கமும் தடவிப் போல்ட்டை முடுக்கினால் இறுகி ரப்பராகிவிடும், ஒரு சொட்டு கசியாது. சங்ககிரிப் பட்டறையில் லாரி வேலை பார்த்த எவனும் பேஸ்ட் இல்லாமல் கேஸ்கெட் போட்டதில்லை, போட்டால் மற்றவன் சிரிப்பான். பேஸ்ட் பிதுங்கி வெளியே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் வேலை சுத்தம் என்பது அங்கே கணக்கு. இந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்தார், அதிலென்ன தப்பு, இருபத்தாறு வருசமாக ஒரு வண்டி திரும்பி வந்ததுண்டா. ஆனால் அந்தப் பையன். வேண்டாம், அந்தப் பையனை இப்போது நினைக்க வேண்டாம். எண்ணெய் மேலே கொட்டாமல் தட்டை இறக்க வேண்டும், அதில் கவனம் வை. அந்தப் பையன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வண்டி புதிதாக வந்தபோது கம்பெனியிலிருந்து ரெண்டு நாள் சொல்லிக்கொடுக்க வந்தவன், கையில் அழுக்கே இல்லை, நகம்கூட வெட்டி வைத்திருந்தான். "சார், இதுக்குப் பேஸ்ட் மட்டும் போடவே போடாதீங்க, உள்பக்கம் பிதுங்குறது எண்ணெய்ல ஊறிப் பிஞ்சு போய் ஃபில்டர அடைச்சுரும்" என்றான். செங்கோட்டுவேல் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, இவன் பல் முளைக்காத காலத்திலேயே நான் கியர்பாக்ஸ் இறக்கினவன் என்று மனசுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அது இடம் விடவில்லை. தட்டு கையில் கனமாக இறங்கியது.

உள்ளே, எண்ணெயை உறிஞ்சி வடிகட்டுகிற ஃபில்டர் தெரிந்தது. அதன் வாய் இருக்கிற இடத்தில் வாய் இல்லை. நீலமாக, நாக்குப்பூச்சி மாதிரி சுருண்டு சுருண்டு, ரெண்டு விரல் நீளத்துக்கு ஒன்று, அதற்குப் பின்னால் சின்னது நாலைந்து, எல்லாம் உள்ளே போகப் பார்த்து நெரிசலில் சிக்கிக்கொண்டு நின்றன. எண்ணெய் இருந்திருக்கிறது, பதினேழரை லிட்டரும் இருந்திருக்கிறது, குடிக்கத்தான் வாய் இல்லை. அடப்பாவி என்றார் செங்கோட்டுவேல். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியும். நீளமானதை இழுத்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மெத்தென்று இருந்தது, ஒரு பக்கம் அவருடைய விரல்ரேகைகூட இருக்குமோ என்று பைத்தியக்காரத்தனமாகத் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலேயே கழிவு எண்ணெய்க் கேன். கையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், முழுகிவிடும். ஃபில்டர் எப்படியும் குப்பைக்குப் போகிறது, புதுசு மாட்டப் போகிறோம், எவனும் பார்க்கப் போவதில்லை. சீட்டில் எழுதியாகிவிட்டது, எழுதினது இவர் இல்லை, மேனேஜர். மாதேசே வாய்விட்டு ஒத்துக்கொண்டான். எல்லாமே தயாராக இருந்தது, பந்தி போட்டு இலையும் விரித்தாயிற்று, உட்கார வேண்டியதுதான் பாக்கி. இப்படியெல்லாம் வசதியாக அமையும்போதுதான் மனுசனுக்குப் பயம் வர வேண்டும். அவருக்கு வந்தது, வேறு பயம். கரூரிலிருந்து பரமத்திவரைக்கும் கையில் ராசி உள்ள ஆள் என்று பேர். குவாரிக்காரர்கள் வண்டியை விடும்போது, செங்கோட்டண்ணன் பார்த்தாரா என்று கேட்பார்கள். அடுத்த மாசம் இதே மாதிரி மூன்று வண்டி வருகிறது, அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. பேஸ்ட்டைப் போட்டு கியர்பாக்ஸை அடைத்த ஆளுக்கு யார் பொறுப்புக் கொடுப்பார்கள். ஐம்பது வயசில் ஷெட்டில் தலை குனிந்து நிற்க வேண்டுமா. பெண்டாட்டி பூங்கொடியிடம் என்ன சொல்வது. அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தார், உடனே தெரிந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது பட்டறைப் பெருமையில் பேஸ்ட் இல்லாமல் எந்த மூடியும் நிற்காது என்று அளந்துகொண்டிருந்தார், அவள் சோறு போட்டபடியே, "நான் குக்கருக்கு என்ன பேஸ்ட்டா தடவி மூடறேன்? அது நிக்குலீங்களா?" என்று கேட்டாள். குழம்பு கொஞ்சம் விடு என்றார். அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும், எங்கே உறைத்தது.

உள்ளங்கையை மூடிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு நூல் பாக்கி இருந்தது, நசுங்கல். பேஸ்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், தட்டு நசுங்கினது மாதேசு மோதித்தானே, அதில்தானே ஓரம் வளைந்து கசிந்தது, ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டால் என்ன. பாதி என்றால் வலி பாதிதான். தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, டீசல் ஊற்றி, ஒட்டியிருந்த கல்தூள் அடையைச் சுரண்டினார். கல் இடித்தால் கூர்மையாகப் பள்ளம் விழும், ஒரு பக்கம் உரசி இழுத்த கீறல் இருக்கும். இது அப்படியில்லை. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம். வட்டத்தின் ஓரத்தில் நாலு இடத்தில் பல் பதிந்த குறி. வேண்டுமென்றே மெதுவாக எழுந்து போய் மூலையில் கிடந்த ஜாக்கியை இழுத்து வந்தார். அதன் தலை வட்டம், ஓரத்தில் நாலு பல். தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தார். கொஞ்சம் திருப்பினார். சட்டிக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது. தை மாதக் கடைசி, அன்றைக்கும் துணைக்கு ஆள் இல்லை, பேஸ்ட் தடவின தட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது, ஒரு கையால் தாங்கி ஒரு கையால் போல்ட் போட முடியவில்லை. ஜாக்கியை அடியில் கொடுத்து, நடுவில் ஒரு பலகைத்துண்டுகூட வைக்காமல், பேஸ்ட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று இன்னும் நாலு அடி அடித்து ஏற்றி அழுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். டீ வாங்கிக் கொடுத்தது மாதேசு. அப்படியானால் ஆளுக்குப் பாதி என்பதும் இல்லை. முழுசாக இவருடையதுதான். தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. நேரம் பன்னிரண்டு பத்து.

சரி, முதலில் மூடு. அழுவதோ தலைகுனிவதோ எதுவானாலும் ஒரு மணிக்கு அப்புறம். இந்தத் தடவை சரியாக மூடு. பேஸ்ட் துணுக்குகளைப் பூங்கொடியின் பழைய நைலக்ஸ் சேலைத்துண்டில் முடிந்து சட்டைப்பையில், சீட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அந்தச் சேலையைத் துடைக்கத்தான் வாங்கி வந்திருந்தார். ஷெட்டில் மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் கிடக்கிறது, ஆனால் அது நூல் பிரியும், ஒரு நூல் உள்ளே போனாலும் வம்பு. இதையும் அந்த வெள்ளைச்சட்டைப் பையன்தான் சொன்னான், இதை மட்டும் கேட்டாரே புண்ணியவான். மறுபடி அடியில் நுழைந்து, கியர்பாக்ஸின் வாய்ப்பக்கம் ஒட்டியிருந்த நீலத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினார், இரும்பு பட்டால் கீறல் விழும். ஒவ்வொரு விரற்கடையாகச் சுரண்டி, துடைத்து, நகத்தை வைத்துத் தடவிப் பார்த்து, அடுத்த விரற்கடை. பேஸ்ட் ஏன் பிடித்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது, பேஸ்ட் போடுகிறவன் இவ்வளவு சுத்தம் பண்ண வேண்டியதில்லை, மேடுபள்ளத்தை அது மூடிக்கொள்ளும். சுத்தமான வேலைக்கு அடையாளம் என்று நினைத்தது சோம்பேறித்தனத்துக்கு அடையாளமாக இருந்திருக்கிறது. முதல் சைரன் ஊதியது, பன்னிரண்டரை. குழிக்குள்ளிருந்து ஆட்கள் மேலே ஏறி வருகிற பேச்சுச் சத்தம். புது ஃபில்டரை ஏற்றினார். மாற்றுவதற்கு வாங்கி வைத்திருந்த புதுத் தட்டின் மேல் கேஸ்கெட்டை வெறுமனே, வறட்டுச் சப்பாத்தி மாதிரி வைத்தார். கை சும்மா இருக்கிறதா, பெட்டிக்குள் நீல டியூபைத் தேடிப் போகிறது. இழுத்துப் பிடித்தார். ஒரு சொட்டு, மூலைக்கு மட்டும் ஒரு சொட்டு, வம்புக்கு வேண்டாம் கசிந்தால் என்ன பண்ணுவாய் என்று கை கெஞ்சியது. வாயை மூடு என்றார் கையைப் பார்த்து, சத்தமாகவே. தட்டை மார்பில் வைத்து இரண்டு முழங்கையாலும் தூக்கி, மூலைக்கு ஒரு போல்ட்டாக விரலால் திருகினார். கழுத்து நரம்பு இழுத்தது, ஜாக்கி கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு போல்ட் பிடித்ததும் மூச்சு விட்டார். அப்புறம் இருபத்தொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரும் புதிருமாக, முதல் சுற்று லேசாக, ரெண்டாம் சுற்று பிடிப்பாக. பத்தொன்பது, இருபது. ரெண்டாவது சைரன் ஊதியது. இருபத்தொன்றாவது போல்ட்டில் ஸ்பானர் நழுவி விரல் மூட்டில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. இன்னொரு தடவை வைத்து முடுக்கினார், முடிந்தது. கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். தரை ஒரு குலுக்குக் குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது, கூரை தடதடவென்று ஆடி ரெண்டு வருசத் தூசியும் இறங்கியது. ஷெட்டே வெள்ளையாகப் போய்விட்டது. சேம்பர் மூடியிருந்தது.

தூசி அடங்குகிறவரை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் ஊற்றுகிற குழாயின் வாயைப் பாலிதீனால் கட்டிவைத்திருந்தது நல்லதாயிற்று. பிரித்து, புனல் வைத்து, புது எண்ணெயைப் பதினாறு லிட்டர் ஊற்றினார். நல்ல சிவப்பு. பழக்க தோசத்தில் கை ஆயில் கேஜ் கம்பியை உருவப் போனது, நிறுத்தினார். சாதா லாரிக்கு என்ஜினை அணைத்துவிட்டுத்தான் அளவு பார்ப்பது, இதற்கு ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அணைத்தால் மேலே இருக்கிற எண்ணெயெல்லாம் கீழே இறங்கிப் பொய் சொல்லும். ஓடவிட வேண்டும், ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும், அதற்கு மேலே சீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஆள் யார் என்று தெரியும். அவனை விட்டு மேனேஜர் ரூமிலிருந்து வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாம். அனுப்பச் சொன்னால் அந்தக் கோழைத்தனத்துக்கு ஒரு பேர் வைக்க வேண்டிவரும். "மாதேசு!" என்று கத்தினார். வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவந்தான், தலையெல்லாம் தூசி. "ஏறு. ஹேண்ட் பிரேக்கப் போட்டு ஸ்டார்ட் பண்ணு." துண்டை உதறி சீட்டில் விரித்தான், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தார், பார்த்துவிட்டார். என்ஜின் உறுமி நிதானத்துக்கு வந்தது. "பிரேக்க மிதிச்சுக்கிட்டு முன்னுக்குப் போடு. இரு. நூட்ரல். இப்ப ரிவர்ஸ். இரு. நூட்ரல்." கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினார். குளிர்ந்திருக்கிறபோது பார்க்கிற கோட்டுக்குக் கீழே நின்றது. ஒரு லிட்டர் ஊற்றினார். இன்னும் ஒன்று. ஷெட்டுக்கு முன்னால் மேடும் பள்ளமுமாக நாலு சுற்று ஓட்டிவரச் சொன்னார். வண்டி மேட்டில் வழுக்காமல் ஏறுகிற சத்தத்தை இங்கிருந்தே கேட்டார். அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோசம் வந்தது பாருங்கள், மனுசன் எந்த நிலைமையிலும் தன் வேலையைக் கண்டு சந்தோசப்படத்தான் செய்கிறான். கால் மணி கழித்துச் சமதரையில் நிறுத்தி, ஓட ஓட மறுபடி பார்த்தார். சூடேறின கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார், அதேதான். அடியில் குனிந்து இருபத்தொரு போல்ட்டையும் சுற்றி விரலை ஓட்டினார். காய்ந்த விரல் காய்ந்தே வந்தது.

"சரியா இருக்குங்களாண்ணா?" என்று மேலேயிருந்து மாதேசு கேட்டான். "சரியா இருக்குது. எறங்கு." இறங்கி நின்றான். செங்கோட்டுவேல் சேலைத்துண்டை எடுத்து முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். "இது நான் போன தடவ தடவின பேஸ்ட்டு. ஃபில்டர அடச்சிருச்சு. போட வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க, நான்தான் கேக்குல." மாதேசு நீலத்துணுக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அந்த நசுங்கலுங்?" "அதும் நான்தான். ஜாக்கிய வெச்சு அழுத்தினேன். அந்தா கெடக்குது, தட்டயும் ஜாக்கியயும் பொருத்திப் பாரு." மாதேசு போய்ப் பார்க்கவில்லை. "அப்ப நான் எங்கயும் மோதுலீங்களா?" என்றான். "மோதுல." "அந்த டொக்குனு கேட்டதுங்?" "அது என்னமோ கல்லு. வண்டில படுல. நீ மோதுல மாதேசு." திட்டுவான் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலாம்போல இருந்தது. துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. துண்டுக்குள்ளிருந்தே, "எம் புள்ளகிட்டக்கூடச் சொல்லிப்போட்டனுங்ணா" என்றான். "பள்ளிக்கூடத்துல எவனோ, உங்கப்பன்தான் வண்டியக் கெடுத்தான்னு சொல்லியிருக்கறான். அழுதுக்கிட்டு வந்து கேட்டா. நான், ஆமாங் கண்ணு, அப்பன்தான் பாக்காம மோதிப்போட்டேன், இனி எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்னு தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன்." செங்கோட்டுவேல் வேலைச்சீட்டை எடுத்து டம்பரின் பம்பர் மேல் வைத்தார். 'டிரைவர் பாறையில் மோதியதால்' என்பதை அடித்தார். பக்கத்தில் எழுதினார்: போடக்கூடாத பேஸ்ட் போட்டதால். தட்டில் ஜாக்கி வைத்ததால். ரெண்டும் செய்தது மெக்கானிக். கீழே முழுப்பேரையும் போட்டார், செங்கோட்டுவேல், தோல் பெயர்ந்த மூட்டிலிருந்து ரத்தம் கடைசி எழுத்தில் இழுவிவிட்டது. "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்" என்றார், "பாப்பாகிட்ட நானே சொல்லிப்போடறேன்." வெளியே முதலாளியின் கார் வந்து நின்றிருந்தது. சீட்டையும் சேலைத்துண்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமைப் பார்த்து நடந்தார். அங்கே என்ன பேசுவது என்கிற யோசனையே அவருக்கு ஓடவில்லை, அதுதான் சீட்டில் இருக்கிறதே. சாயங்காலம் சொல்ல வேண்டியதுதான் வாயில் உருண்டது. கண்ணு, அப்பா மோதல. வேண்டாம், அப்படி ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். கண்ணு, பெரியப்பன் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். ஆமாம், அதிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும். கதவைத் தட்டினார்.